காந்தியடிகளைச் சுமந்த கப்பல்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



நமது வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. 1931ஆம் ஆண்டு இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொள்ளக் காந்தியடிகள் இலண்டன் சென்றார் என்பது அந்த வரி. தேர்வுக்கு நாம் அனைவரும் அதை மனப்பாடம் செய்திருக்கிறோம். வகுப்பில் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தியபோது, "எந்தக் கப்பலில் போனார், டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. நீயே தேடிக் கண்டுபிடித்து வந்து சொல்" என்றார். சொல்வதற்கு எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கப்பலின் பெயர் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அதன் முடிவைத் தேடிப் போனதில்தான் இத்தனை நாள் ஆனது.

என் தந்தையார் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் ஆயிலராக வேலை பார்க்கிறார். ஆகையால் எங்கள் வீட்டில் கப்பலைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். 'அப்பா எங்கே?' என்று கேட்டால் ஊர்ப் பெயர் வராது, கப்பலின் பெயர்தான் வரும். நான் வகுப்பில் அப்படிக் கேட்டதற்கும் அதுவே காரணம்.

காந்தியடிகள் சென்ற கப்பலின் பெயர் 'ராஜபுதானா'. பி அண்ட் ஓ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சொந்தமானது. இலண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓட்டுவதற்காக அக்கம்பெனி 1925ஆம் ஆண்டில் நான்கு கப்பல்களைக் கட்டியது. நான்கிற்கும் நம் நாட்டுப் பெயர்கள்: ராஞ்சி, ரான்புரா, ராவல்பிண்டி, ராஜபுதானா. (ராவல்பிண்டி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது, அன்று அந்த எல்லைக்கோடு கிடையாது.) கடைசி இரண்டையும் ஸ்காட்லாந்திலுள்ள கிரீனக் துறைமுகத்தில் கட்டியவர்கள் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்தார். டைட்டானிக் கப்பலைக் கட்டியதும் இதே நிறுவனம்தான்.

ராஜபுதானாவின் நீளம் சுமார் 167 மீட்டர். எண்ணாகப் படித்தால் மனத்தில் பதியாது என்று நானும் என் தோழியும் ஒரு சனிக்கிழமை நம் பள்ளி மைதானத்தை அடிவைத்து அளந்தோம். நீளவாட்டில் ஒரு முறை நடந்து, திரும்பிப் பாதி தூரம் வந்தபின்னும் அளவு முடியவில்லை. அவ்வளவு பெரிய இரும்புக் கட்டடம் மணிக்கு 17 நாட் வேகத்தில், அதாவது ஏறக்குறைய 31 கிலோமீட்டர் வேகத்தில், தண்ணீரில் போயிற்று. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமாகச் சுமார் 600 பயணிகள் ஏறலாம். இந்தக் கம்பெனியின் கப்பல்களில் மேசையில் உணவு பரிமாறியவர்களும் அறைகளைக் கவனித்தவர்களும் பெரும்பாலும் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். வெள்ளைக்காரத் துரைமார்களின் பயணக் குறிப்புகளில் இவர்களுடைய பெயர்களைக் காண்பது அரிது.

1929ஆம் ஆண்டு சனவரியில் இதே ராஜபுதானாவில் பம்பாயிலிருந்து இங்கிலாந்து திரும்பினார் ஒருவர். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் கொண்டாடிய டி. இ. லாரன்ஸ்தான் அவர். இரண்டரை ஆண்டுகள் கழித்து நம் காந்தியடிகள் ஏறினார்.

1931 ஆகஸ்டு 29ஆம் நாள் பம்பாயில் கப்பல் புறப்பட்டது. காந்தியடிகளுக்கு அப்போது வயது 61. இரண்டாம் வகுப்பில்தான் பயணம் செய்தார். மதன்மோகன் மாளவியா, சரோஜினி நாயுடு, செயலாளர் மகாதேவ தேசாய், பியாரிலால், மீராபென், மகன் தேவதாஸ் ஆகியோர் உடன் சென்றனர். (இந்த தேவதாஸ் பின்னாளில் நம் இராஜாஜியின் மகளை மணந்தவர்.) காந்தியடிகள் அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை. மேல்தளத்திலேயே இராட்டை சுற்றினார், அங்கேயே பிரார்த்தனை நடத்தினார், அங்கேயே உறங்கினார். உடன் வந்தவர்கள் தேவைக்கு மேல் பெட்டிகளைக் கொண்டுவந்திருப்பதைக் கண்டு வருத்தப்பட்டு, வேண்டாதவற்றையெல்லாம் ஏடன் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பச் செய்தார். பள்ளிச் சுற்றுலாவுக்கு மூன்று பை கொண்டுவரும் என் வகுப்புத் தோழியரைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை!

செப்டம்பர் 11ஆம் நாள் பிரான்சு நாட்டு மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கினார். மறுநாள் இலண்டன். மாநாடு என்னவாயிற்று என்பது நமக்குத் தெரிந்ததே. திரும்பி வரும்போது அவர் வேறு கப்பலில் வந்தார். ராஜபுதானா தன் வழக்கப்படி இலண்டனுக்கும் பம்பாய்க்குமாக மேலும் எட்டு ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரிட்டனுக்கு வேண்டிய கோதுமை, இறைச்சி, எண்ணெய், இரும்பு எல்லாம் கடல் வழியாகத்தான் வரவேண்டும். அந்தக் கடல் வழிகளைக் காவல் காக்க வேண்டிய குரூசர் என்னும் போர்க்கப்பல்கள் போதுமான அளவு இல்லை. புதிதாகக் கட்ட ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே முதல் உலகப்போரில் செய்ததையே மீண்டும் செய்தார்கள். பெரிய பயணிக் கப்பல்களை அரசு கையகப்படுத்திக்கொண்டு, அவற்றின் மேல் பீரங்கிகளைப் பொருத்தி, சாம்பல் வண்ணம் பூசி, கடற்படைக் கொடி ஏற்றி அனுப்பினார்கள். ஆயுதம் தாங்கிய வணிகக் குரூசர்கள் என்று இவற்றுக்குப் பெயர். பயணிக் கப்பலுக்கு ஒரு வசதி உண்டு. எரிபொருளை நிறையக் கொள்ளும். கரைக்கு வராமல் பல நாள் கடலிலேயே சுற்றும். எந்தக் கொந்தளிப்பையும் தாங்கும்.

ராஜபுதானாவை மாற்றியமைத்தது கனடாவின் மேற்குக் கரையிலுள்ள எஸ்குவிமால்ட் என்ற இடத்தில். ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டும், விமானங்களைச் சுடுவதற்கு மூன்று அங்குலப் பீரங்கிகள் இரண்டும் வைத்தார்கள். டிசம்பர் மாதம் அது கடற்படையில் சேர்ந்தது. காந்தியடிகள் இராட்டை சுற்றிய கப்பலில் குண்டுகள் அடுக்கப்பட்டன.

விடுமுறையில் வந்திருந்த அப்பாவிடம் இந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "பீரங்கி வச்சா போர்க்கப்பல் ஆயிருமா?" என்றார். என் நோட்டை வாங்கிப் பென்சிலால் படம் போட்டு விளக்கினார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். போர்க்கப்பலின் பக்கவாட்டில் தடித்த எஃகுக் கவசம் இருக்கும். உள்ளே எஞ்சினும் கொதிகலனும் வெடிமருந்து அறையும் அந்தக் கவசத்துக்குப் பின்னே பத்திரமாக இருக்கும். கப்பலின் வயிறு சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். பயணிக் கப்பலோ வேறு. அது மனிதர்கள் நடமாடுவதற்காகக் கட்டப்பட்டது. சாப்பாட்டுக் கூடம், மாடிப்படி, மரத்தடுப்பு அறைகள், ஜன்னல்கள், கம்பளம். கவசம் என்பதே இல்லை. மேலும் உயரமாக நிற்பதால் வெகு தொலைவிலிருந்தே எதிரியின் கண்ணில் படும். "நம்ம வீட்டு மொட்டை மாடியில ஒரு பீரங்கி வச்ச மாதிரிதான் ஏட்டி" என்று அப்பா முடித்தார்.

அது எவ்வளவு உண்மை என்பதற்கு ராவல்பிண்டியின் கதையே சாட்சி. ராஜபுதானாவின் சொந்தச் சகோதரி அது. போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1939 நவம்பர் 23ஆம் நாள் ஐஸ்லாந்துக்குத் தென்கிழக்கே காவல் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜெர்மனியின் ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனாவ் என்னும் இரண்டு மாபெரும் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டன. அவை ஒவ்வொன்றிலும் பதினோரு அங்குலப் பீரங்கிகள் ஒன்பது. ராவல்பிண்டியின் பீரங்கிக் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ எடை. எதிரியின் குண்டு சுமார் 330 கிலோ. ராவல்பிண்டியின் தலைவர் கேப்டன் கென்னடி ஓய்வு பெற்றிருந்து போருக்காக மீண்டும் அழைக்கப்பட்டவர். நிற்கும்படி எதிரி ஆணையிட்டும் அவர் நிற்கவில்லை; போரிட்டார். அவரோடு 238 பேர் மாண்டார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களில் பதினொரு பேரைக் காப்பாற்றியது 'சித்ரால்' என்ற கப்பல். அதுவும் இதே கம்பெனியின் பயணிக் கப்பல். அதுவும் பீரங்கி பொருத்தப்பட்டதுதான்.

இந்தச் செய்தி ராஜபுதானாவில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் அல்லவா? தம் கப்பலை அச்சில் வார்த்தாற்போன்ற இன்னொரு கப்பல் எப்படி முடிந்தது என்று தெரிந்துகொண்டேதான் அவர்கள் கடலுக்குப் போனார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இரவில் உறக்கம் வரவில்லை.

ராஜபுதானாவுக்கு வட அட்லாண்டிக் கடலில் வேலை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் புறப்படும். இக்கூட்டத்தைக் கான்வாய் என்பார்கள். ஆட்டு மந்தையைப் போல வரிசை வரிசையாகப் போகும். மந்தையில் மெதுவாக நடக்கும் ஆடு எதுவோ அதன் வேகமே எல்லாவற்றிற்கும் வேகம். ராஜபுதானா இடையனைப் போலக் கூடவே செல்ல வேண்டும். அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனை நெருங்கியதும் சிறிய போர்க்கப்பல்கள் வந்து பொறுப்பை ஏற்கும், இது திரும்பிவிடும். பனிக்காற்று, பனிக்கட்டி, மூடுபனி, இராத்திரியில் விளக்கே ஏற்றாத பயணம். பம்பாய்க் கப்பலுக்கு இது புதிய வாழ்க்கை. ஒரு குளிர்காலம் கழிந்தது. இரண்டாவது குளிர்காலமும் கழிந்தது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபுதானா பயணிக் கப்பலாக இருந்தபோது கடைசியாக அதன் கேப்டனாக இருந்தவர் ரிச்சர்ட்சன். கடற்படை கப்பலை எடுத்துக்கொண்டதும் தலைமைப் பொறுப்பு கடற்படை அதிகாரியான கேப்டன் டெய்லருக்குப் போயிற்று. ரிச்சர்ட்சன் கமாண்டர் என்ற பதவியோடு அதே கப்பலில் தொடர்ந்தார். நேற்றுவரை தான் ஆண்ட கப்பலில் இன்று இன்னொருவர் ஆணைக்குக் கீழ்ப்பட்டு நின்றார். அவர் ஏன் இறங்கிப் போகவில்லை என்பதற்கு எந்த ஏட்டிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "கப்பலோட சத்தம் அவருக்குத்தானே தெரியும்" என்றார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சத்தம் உண்டாம். எஞ்சின் சரியாக ஓடுகிறதா, எங்காவது நோவு இருக்கிறதா என்று பழகியவன் படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடுவானாம். அப்பாவின் விடை சரியா தவறா என்று நான் அறியேன். ஆனால் வேறு விடை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்கு வருவோம்.

அந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 6ஆம் நாள் வந்தது. அன்று வட அட்லாண்டிக்கில் எரிந்துகொண்டிருந்த கப்பலின் பெயரைக் கேட்டால் நீங்களும் என்னைப் போலவே திடுக்கிடுவீர்கள். அதன் பெயர் 'கொமோரின்'. ஆம், நம் கன்னியாகுமரியைத்தான் ஆங்கிலேயர் கேப் கொமோரின் என்று அழைத்தார்கள். பி அண்ட் ஓ கம்பெனி 1924ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் நீரில் இறக்கிய அந்த ஆஸ்திரேலியக் கப்பலுக்கு நம் குமரிமுனையின் பெயரைச் சூட்டியிருந்தது. அதுவும் பீரங்கி பொருத்தப்பட்டுப் போருக்குப் போயிருந்தது. எதிரி யாரும் அதைத் தாக்கவில்லை. புயற்காற்றின் நடுவே கொதிகலன் பகுதியில் தீப்பற்றிக்கொண்டது. நடுக்கடலில் எரியும் கப்பலில் நானூறுக்கும் மேற்பட்டோர்.

அவர்களை மீட்ட கதையைத் தனியாக ஒரு கட்டுரையாகவே எழுதலாம். 'புரோக்' என்ற சிறிய போர்க்கப்பல் மலைபோன்ற அலைகளுக்கு இடையே எரியும் கப்பலின் பக்கத்தில் போய் ஒட்டும், ஒட்டிய அந்தக் கணத்தில் சிலர் குதிப்பார்கள், அலை பிரித்துவிடும், மீண்டும் சுற்றி வந்து ஒட்டும். திரும்பத் திரும்ப இதையே செய்தது. குதிப்பவர்களின் கால் ஒடியாமல் இருக்கத் தளத்தில் தூங்குவலைப் படுக்கைகளைப் பரப்பினார்கள். அலை மேலே தூக்கும் நேரம் பார்த்துக் குதித்தவன் சற்றே இறங்கினான். தப்பாகக் குதித்தவன் வெகு ஆழம் விழுந்தான். அந்தப் புரோக் கப்பலில் அன்று பணியிலிருந்த ஓர் அதிகாரி பீட்டர் ஸ்காட். தென் துருவப் பயணத்தில் மாண்ட கேப்டன் ஸ்காட்டின் ஒரே மகன்; பின்னாளில் பறவைகளை ஓவியமாக வரைந்து புகழ்பெற்றவர். 'லிங்கன்' என்ற போர்க்கப்பலும் 'கிளெனார்ட்னி' என்ற வணிகக் கப்பலும் உதவின. இருபது பேர் இறந்தார்கள். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். எரிந்த கூட்டைப் பிறகு அவர்களே மூழ்கடித்தார்கள். நம் ஊர்ப் பெயர் கொண்ட இரும்புத் துண்டு ஒன்று அட்லாண்டிக்கின் அடியில் கிடக்கிறது என்பது குமரிக்குச் சுற்றுலா போய்வந்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது நடந்து சரியாக ஒரு வாரம். ராஜபுதானா தன்னோடு வந்த எச்எக்ஸ் 117 என்ற கான்வாயை விட்டுப் பிரிந்து நான்கு நாளாகியிருந்தது. கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே டென்மார்க் நீரிணை என்றொரு கடற்பகுதி உண்டு. ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் அட்லாண்டிக்குக்குள் நுழைவதானால் அது ஒரு வாசல். ஏப்ரல் 13ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. ரெய்க்யவிக் நகருக்கு மேற்கே அந்த நீரிணையில் ராஜபுதானா இருந்தது.

யு-108 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியும் அங்கே இருந்தது. அதன் தலைவர் கிளாவுஸ் ஷோல்ட்ஸ். பள்ளியில் நாம் படிக்கும் நீர்மூழ்கி எப்போதும் நீருக்குள்ளேயே போகும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. அந்நாளைய நீர்மூழ்கி பெரும்பாலும் மேலேதான் ஓடும். தாக்கும்போதும் ஒளியும்போதும்தான் மூழ்கும். யு-108 வகை நீர்மூழ்கி மேற்பரப்பில் 18 நாட் வேகம் போகும். ராஜபுதானாவின் வேகம் 17. ஓடித் தப்பவும் வழியில்லை. நீருக்குள் இருப்பவனை எட்டுப் பீரங்கியும் ஒன்றும் செய்ய முடியாது.

ஷோல்ட்ஸ் டார்ப்பிடோவைச் செலுத்தினார். அது கப்பலைத் தாக்கியது. காந்தியடிகள் நடந்த தளமெல்லாம் சாயத் தொடங்கியது. ஒரு மணி நேரத்திற்கு மேல் ராஜபுதானா மிதந்து நின்றது, பிறகு மூழ்கியது. 42 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட்சன். மீதி 283 பேரை 'லீஜன்' என்ற போர்க்கப்பல் வந்து மீட்டது.

இதைப் படித்தபோது ஒரு தோழி என்னிடம் நேராகவே கேட்டாள்: "வெள்ளைக்காரன் கப்பல், வெள்ளைக்காரன் சண்டை. அதற்காக நாம் ஏன் அழ வேண்டும்?" அவள் கேள்வியைத் தட்டிவிட நான் விரும்பவில்லை. அந்த ஏப்ரல் மாதம் நம் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தேன். நம்மைக் கேட்காமலே நம்மைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்துக் காந்தியடிகள் 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கியிருந்தார். முதல் சத்தியாகிரகி வினோபா பாவே. 1941 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதாவது, தன்னைச் சுமந்து சென்ற கப்பல் எந்தப் போரில் மூழ்கியதோ அந்தப் போரில் நமக்குப் பங்கில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. தோழியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் எதிர்த்தது போரை. அதில் மூழ்கியவர்களை அவர் வெறுத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. நாங்கள் இருவரும் இன்னும் இதைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாம் உலகப்போரில் இப்படி மாற்றியமைக்கப்பட்டு மூழ்கிய பிரிட்டிஷ் வணிகக் குரூசர்களை நான் எண்ணிப் பார்த்தேன். பதினைந்து. அவற்றில் பத்தை நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. மூன்று, கடல்மேல் வந்த பகைக் கப்பல்களோடு போரிட்டு அழிந்தன. கொமோரின் தானே எரிந்தது. பதினைந்தாவது நமக்கு மிகவும் அருகில், கொழும்புத் துறைமுகத்திலேயே அழிந்தது. அதன் பெயர் 'ஹெக்டர்'. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு பொழிந்தபோது அது தாக்குண்டது. அந்த நாளும் உயிர்த்த ஞாயிறுதான்! எங்கள் ஆச்சியின் தாயார் அப்போது தூத்துக்குடியில் சிறு பெண். கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர்கள் என்ன ஆனார்களோ என்று பாஸ்கா நாளில் வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று ஆச்சி கேட்டிருக்கிறார்களாம். அவர்கள் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தார்கள்.

இத்தனை இழப்புகளுக்குப் பிறகு, பயணிக் கப்பல்களைப் போர்க்கப்பலாக நடத்துவது சரிவராது என்று கடற்படையே உணர்ந்தது. மிஞ்சியவற்றைப் படிப்படியாக விலக்கிப் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களாக மாற்றினார்கள். நான்கு சகோதரிகளில் ராஞ்சியும் ரான்புராவும் போர் முடியும்வரை உயிரோடு இருந்தன. ராஜபுதானாவை வீழ்த்திய யு-108 பின்னர் ஷ்டெட்டின் துறைமுகத்தில் 1944 ஏப்ரலில் விமானக் குண்டுகளுக்கு இரையாயிற்று. 283 பேரைக் காப்பாற்றிய லீஜனும் பிழைக்கவில்லை. 1942 மார்ச்சில் மால்டாத் தீவில் குண்டுவீச்சில் அழிந்தது. கணக்கு யாருக்கும் நேராகவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். அம்மா மீனை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். பீரங்கிகளைப் பற்றியோ நீர்மூழ்கியைப் பற்றியோ அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த நாப்பத்திரண்டு பேர் வீட்டுக்கும் எப்போ சேதி போச்சு? பாஸ்கா அன்னைக்கேவா?" என்று மட்டும் கேட்டார்கள். போர்க்காலத்தில் கப்பல் மூழ்கிய செய்தியை உடனே வெளியிட மாட்டார்கள் என்று சொன்னேன். "அப்போ அன்னைக்கு அவங்க வீட்டில எல்லாரும் பூசைக்குப் போய்ட்டு வந்து சந்தோஷமாச் சாப்பிட்டிருப்பாங்க" என்றார்கள். பிறகு பேசவில்லை.

அப்பா இதைத் தாமே வாங்கிப் படித்தார். 'பிறகு மூழ்கியது' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, "இதை இன்னும் கொஞ்சம் விளக்கி எழுது" என்றார். ஒரு மணி நேரம் என்பது கப்பலில் சாதாரணமில்லையாம். டார்ப்பிடோ பட்டுச் சில நிமிடங்களில் போய்விட்ட கப்பல்கள் எத்தனையோ. படகுகளைக் கீழே இறக்க வேண்டும். காயம்பட்டவர்களைத் தூக்கி வர வேண்டும். சாய்ந்த கப்பலில் ஒரு பக்கத்துப் படகு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மறுபக்கத்துப் படகு எட்டாமல் தொங்கும். எஞ்சின் ரூமில் இருப்பவன் ஏணி ஏணியாக மேலே ஏறி வர வேண்டும். விளக்கு அணைந்திருந்தால் தடவித் தடவி ஏற வேண்டும். "கீழே நிக்கிறவனுக்குக் கடலே தெரியாது. அடி பட்ட சத்தம் மட்டும்தான் கேக்கும்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தைக் கப்பல் கொடுத்ததால்தான் 283 பேர் படகு ஏறினார்கள் என்பது அப்பாவின் தீர்ப்பு. நன்றாகக் கட்டிய கப்பல் என்று இரண்டு முறை சொன்னார்.

டீச்சரிடம் கட்டுரையைக் கொடுத்தேன். "ஒரு வரிக் கேள்விக்கு இவ்வளவு பெரிய விடையா?" என்று சிரித்தார்கள். மலருக்குக் கொடுக்கச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

சென்ற வாரம் அப்பாவின் விடுமுறை முடிந்துவிட்டது. இந்த முறை வேறொரு கப்பலில் சேர்ந்திருக்கிறார். பாஸ்கா நாளில் அவர் எந்தக் கடலில் இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. கப்பலின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அந்தத் தாளை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள்.